பிறர் குரல்களில் அறுபது வருடம்: ப்ரோடி யானோஷ்

கேள்வி இதுதான்: "‘இஷ்த்வான் அரசர்’ என்ற ஹங்கேரிய ராக் ஓபராவைப் பார்த்தேன். அதற்கு வரிகள் எழுதிய ப்ரோடி யானோஷ் அறுபது வருடமாக எழுதுகிறார், பாடவும் செய்கிறார் என்று தெரிந்துகொண்டு அவர் பாடியதைத் தேடிக் கேட்டேன். குரல் சுமார்தான். இவரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?"

குரல் பற்றி நீங்கள் சொன்னது சரி. மெல்லிய குரல், வீச்சும் குறைவு, பாதிப் பாட்டு பேச்சு மாதிரியே போகும். தன் பெயரில் முதல் தனி ஆல்பம் போட்டபோது அவருக்கு 34 வயது. அதற்குள் அவர் எழுதிய பாட்டுகளை ஒரு தலைமுறையே மனப்பாடமாகப் பாடிக்கொண்டிருந்தது, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வேறு யாரோ பாடியவை. அவர் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்குக் காரணமே அந்தக் குரல் குறைதான் என்பது என் கணிப்பு. சொந்தக் குரலை நம்ப முடியாதவர் பிறர் குரலுக்கு எழுதக் கற்றுக்கொண்டார்: ஒரு ராக் பாடகனுக்கு, ஒரு பெண்ணுக்கு, குழந்தைகளுக்கு, கடைசியில் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்க்கிற இரண்டு அரசியல் தரப்புகளுக்கு. தணிக்கை இருந்த நாட்டில் இது இன்னொரு விதத்திலும் கைகொடுத்தது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை விஷயம். ஹங்கேரியில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும், அதனால் ப்ரோடி என்பது குடும்பப் பெயர், யானோஷ் இவருடைய பெயர். 1946 ஏப்ரல் 5 அன்று புடாபெஸ்டில் பிறந்தவர். 1956 நவம்பரில் கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிரான மக்கள் எழுச்சியை சோவியத் டாங்கிகள் நசுக்கியபோது இவருக்குப் பத்து வயது. அந்த வயதில் அந்த ஊர்த் தெருக்களைப் பார்த்த பையன் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு புடாபெஸ்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படிக்கப் போனார். படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1965 வாக்கில், இல்லேஷ் என்ற இசைக்குழுவில் சேர்ந்தார். இல்லேஷ் லயோஷ் என்ற கீபோர்டுக்காரரின் குழு அது, அவர் பெயரே குழுவுக்கும் பெயர். கூடவே சொரேஞி சகோதரர்கள் லெவென்தெயும் ஸபோல்ச்சும் வந்தார்கள், டிரம்ஸுக்கு பாஸ்டோரி ஸோல்டான். பாடகர், மெட்டமைப்பவர் லெவென்தெ, வரிகள் ப்ரோடி. இந்த ஜோடிதான் கதையின் முதுகெலும்பு.

அன்றைக்கு புடாபெஸ்ட் கிளப்களில் எல்லாக் குழுக்களும் இங்கிலாந்துப் பாட்டுகளைத்தான் வாசித்தார்கள். லக்ஸம்பர்க் வானொலியில் இரவில் கேட்டு, புரிந்தும் புரியாமலும் எழுதி வைத்துக்கொண்ட ஆங்கில வரிகள். ஹங்கேரிய மொழியில் பீட் இசை (அறுபதுகளின் ஆங்கில ராக் பாணி) வராது என்றே பலரும் நினைத்தார்கள், அந்த நினைப்பில் நியாயமும் இருந்தது. ஹங்கேரிய மொழியில் எந்தச் சொல்லை எடுத்தாலும் அழுத்தம் முதல் அசையில்தான் விழும். ஆங்கிலப் பாட்டோ அழுத்தமில்லாத ஒரு சின்னச் சொல்லில் தொற்றிக்கொண்டு தாளத்துக்குள் குதிக்கிற ஜாதி. அந்த மெட்டில் ஹங்கேரிய வரியை உட்கார வைத்தால் அழுத்தம் தப்பான இடத்தில் விழுந்து, தாய்மொழிக்காரர்களே சிரிக்கிற மாதிரி ஆகிவிடும். இல்லேஷ் கண்டுபிடித்த வழி நாட்டுப்புறப் பாட்டு. இசையமைப்பாளர்கள் பார்டோக்கும் கோடாயும் அந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கிராமம் கிராமமாகப் போய்ச் சேகரித்த பாட்டுகளைப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் பாடித்தான் வளர்ந்தார்கள். அந்தப் பாட்டுகள் தாளத்தின் முதல் அடியிலேயே நேராக இறங்கும். அந்தத் தாள நடையை எடுத்து மின்கிட்டாரோடு சேர்த்தபோது ஹங்கேரியச் சொற்கள் இயல்பாக உட்கார்ந்துவிட்டன. லெவென்தெ மெட்டில் செய்ததை ப்ரோடி வரியில் செய்தார்: சின்ன வாக்கியங்கள், வீட்டில் பேசுகிற சொற்கள், அலங்காரம் கிடையாது. அதுவரை வானொலியில் ஓடிக்கொண்டிருந்த நடனப் பாட்டுகளின் சர்க்கரைப் பாகு இதில் துளியும் இல்லை. கேட்ட இளைஞர்களுக்கு, நம்ம ஆள் ஒருத்தன் பேசுகிறான் என்று தோன்றியிருக்க வேண்டும்.

1967 இல் ‘இந்த இளைஞர்கள்’ என்று ஒரு படம் வந்தது, இல்லேஷ், மெட்ரோ, ஒமேகா மூன்று குழுக்களும் அதில் உண்டு. 1966 இலிருந்து தொலைக்காட்சி நடத்திய நடனப்பாடல் விழாவை நாடே உட்கார்ந்து பார்க்கும், 1968 விழாவில் இல்லேஷ் பரிசுகளை அள்ளியது. அதே வருடங்களின் பாட்டு ஒன்றுக்குத் தலைப்பே ‘இப்படி ஆக ஏன் விட்டோம்’. கேட்டால் காதல் முறிவுப் பாட்டு. 1968 ஆகஸ்டில் ஹங்கேரியப் படையும் சேர்ந்து செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் புகுந்த நாட்டில் அந்தத் தலைப்பை மக்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நான் விளக்கத் தேவையில்லை.

இங்கே அந்த ஆட்சி எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ப்ரோடியின் திறமை பாதிதான் தெரியும். 1956 எழுச்சிக்குப் பிறகு நாட்டை ஆண்ட கம்யூனிஸ்ட் தலைவர் காடாரின் ஆட்சியில் கலாசாரத்தைக் கவனித்துக்கொண்டவர் அட்சேல் டியோர்ட்ஜ். அவருடைய கொள்கைப்படி எல்லாக் கலைப் படைப்புகளும் மூன்று பெட்டிகளில் ஒன்றில் விழும்: ஆதரிக்கப்படுவது, சகித்துக்கொள்ளப்படுவது, தடைசெய்யப்படுவது. எது எந்தப் பெட்டி என்று எழுதி வைத்த விதி எதுவும் இல்லை, சூழ்நிலைக்கேற்ப எல்லை நகரும். நாட்டில் ஒரே ஒரு இசைத்தட்டு நிறுவனம், அதுவும் அரசுடையது. பாட்டு வரிகளைப் பார்த்து அனுமதிக்க ஒரு குழு. பிற்காலத்தில் இந்த நிறுவனத்தில் எர்டோஷ் பேட்டர் என்பவர் அதிகாரம் செலுத்தினார், பாப் உலகின் சீஸர் என்றே அவரை அழைத்தார்கள். யாருக்குத் தட்டு வரும், யாருக்கு வராது என்பது பெரும்பாலும் அவர் கையில்.

இந்த ஏற்பாட்டில் நேரடியாக எதிர்ப்புப் பாட்டு எழுதுகிறவன் ஒரு பாட்டோடு காணாமல் போவான். ப்ரோடி பெரும்பாலும் ‘சகித்துக்கொள்ளப்படுவது’ பெட்டியின் விளிம்பில் நின்றார், அவ்வப்போது கால் வழுக்கி வெளியே விழுந்தார்.

முதல் வழுக்கல் 1970. இல்லேஷ் குழு இங்கிலாந்துப் பயணம் போனது, அங்கே பிபிசிக்குக் கொடுத்த பேட்டியில் ஹங்கேரிய நிலைமை பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசிவிட்டார்கள். ஊர் திரும்பியதும் சுமார் ஒரு வருடம் தலைநகர் மேடைகள் மூடப்பட்டன. அதற்குப் பிறகு 1971 இல் வந்த ஆல்பத்தின் பெயரைப் பாருங்கள்: ‘மனித உரிமைகள்’. பெயரை ஆங்கிலத்திலேயே வைத்தார்கள், ஒரு பக்கம் முழுவதும் மனித உரிமைப் பிரகடனத்தை ஒட்டிய தொடர்பாட்டு. இதை எப்படி அனுமதித்தார்கள்? ஆல்பத்தை ஏஞ்சலா டேவிஸுக்குச் சமர்ப்பித்துவிட்டார்கள். அமெரிக்கச் சிறையில் இருந்த கறுப்பினக் கம்யூனிஸ்ட் பெண், சோஷலிச நாடுகள் எல்லாம் அவருக்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். அதிகாரி எப்படி மறுப்பார்? அமெரிக்காவைத் திட்டுகிற தட்டு. வாங்குகிற இளைஞன் மட்டும் உரிமை என்ற சொல்லை வேறு முகவரிக்கு அனுப்பிக்கொள்வான். டேவிஸ் மேல் அவர்களுக்கு உண்மையான அனுதாபம் இல்லை என்று நான் சொல்லவில்லை, இரண்டுமே இருந்திருக்கலாம். இரண்டு பக்கமும் திறக்கிற கதவு மாதிரி ஒரு ஆல்பம், அவ்வளவுதான்.

இரண்டாவது வழுக்கல் மோசமானது. 1973 கோடையில் டியோஷ்ட்யோர் மைதானத்தில் பெரிய இசை விழா. அமெரிக்காவின் புகழ்பெற்ற 1969 ராக் விழாவை வைத்து, ஹங்கேரியின் உட்ஸ்டாக் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். மேடையில் ப்ரோடி மைக்கைப் பிடித்து காவல்துறைக்கு நன்றி சொன்னார். எந்தத் தொனியில் சொன்னார் என்பது கூட்டத்துக்கும் புரிந்தது, காவல்துறைக்கும் புரிந்தது. அவர் மேல் நடவடிக்கை தொடங்கியது. நன்றி சொன்னதற்கு வழக்கு என்றால் கேட்க வேடிக்கையாக இருக்கும், 27 வயதில் அதில் மாட்டியவருக்கு வேடிக்கையாக இருந்திருக்காது. அந்த வருடமே இல்லேஷ் குழுவும் உடைந்தது.

மூன்றாவது அதே 1973 இல்தான். இங்கேதான் பாடகி கொன்ட்ஸ் ஜுஜா கதைக்குள் வருகிறார். உங்கள் கேள்விக்கு உண்மையான பதிலே இவர்தான் என்று எனக்குப் படுகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஜுஜாவும் 1946 இல் பிறந்தவர். அறுபதுகளிலிருந்தே இல்லேஷ் வட்டத்தின் பாட்டுகளைப் பாடுகிறவர், தெளிவான குரல், உணர்ச்சியை மேலே தூவாத குரல். சோகப் பாட்டில் அழமாட்டார், கோபப் பாட்டில் கத்தமாட்டார். ஒரு சொல்லை அதன் இடத்தில் வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். வரிகளில் ஒளித்து வைக்கிற ஆளுக்கு இதைவிட நல்ல பாடகி கிடைக்க முடியாது. ஏனென்றால் பாடகி அழுத்திப் பாடினால் ஒளித்து வைத்தது வெளியே தெரிந்துவிடும்.

1973 இல் வந்த அவருடைய ‘சைகை மொழி’ ஆல்பத்தில் ‘நான் ஒரு ரோஜாவாக இருந்தால்’ என்ற பாட்டு இருக்கிறது. வரியும் மெட்டும் ப்ரோடியுடையது. கட்டமைப்பு குழந்தைப் பாட்டு மாதிரி: நான் இதுவாக இருந்தால் இப்படி இருப்பேன், அதுவாக இருந்தால் அப்படி இருப்பேன். ரோஜாவாக இருந்தால் வருடத்துக்கு ஒரு முறை போதாது, நான்கு முறை பூப்பேன் என்று ஆரம்பிக்கிறது. அழகு, ஆபத்தில்லை. அப்புறம் வாசல். வாசலாக இருந்தால் எப்போதும் திறந்திருப்பேன், யார் வந்தாலும் உள்ளே விடுவேன், உன்னை யார் அனுப்பினார்கள் என்று கேட்கமாட்டேன். எல்லை மூடிய, வேவு பார்க்கிற நாட்டில் இந்த வரி. அப்புறம் ஜன்னல், உலகமே தெரிகிற அளவுக்குப் பெரிய ஜன்னல். அப்புறம் தெரு. தெருவாக இருந்தால் சுத்தமாக இருப்பேன், தினமும் சாயங்காலம் வெளிச்சத்தில் குளிப்பேன், சங்கிலிச் சக்கரம் என்றாவது என்னை மிதித்தால் என் அடியில் இருக்கிற மண்ணே அழுது சரிந்துவிடும். கவனியுங்கள், டாங்கி என்ற சொல் பாட்டில் இல்லை. டிராக்டருக்கும் சங்கிலிச் சக்கரம் உண்டு. 1956 ஐப் பார்த்த ஊரில் யாருக்கும் டிராக்டர் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். கடைசியில் கொடி: கொடியாக இருந்தால் படபடக்கமாட்டேன், எல்லாக் காற்றோடும் கோபித்துக்கொள்வேன், இழுத்துக் கட்டி நிறுத்தினால்தான் எனக்குச் சந்தோஷம்.

ஆல்பத்தைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்து அழித்தார்கள். மறுபடி அது வெளிவந்தது 1983 இல், பத்து வருடம் கழித்து. நடுவில் அந்தப் பாட்டு தட்டு இல்லாமலே பரவியது: இளைஞர் முகாம்களில், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து, கிட்டாரில் சுலபமான கார்டுகளோடு. பாட்டு அவ்வளவு எளிமையாக இருந்ததுதான் அதைக் காப்பாற்றியது. தணிக்கையை ஏமாற்றுவதற்காக அவர் எளிமையாக எழுதினார் என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. ப்ரோடி சங்கேதமே இல்லாத பாட்டுகளையும் இப்படித்தான் எழுதினார். சங்கேதத்தைக் கழித்துவிட்டுக் கேட்டாலும் ரோஜாப் பாட்டு நிற்கும். ஹங்கேரிய வரலாறு ஒன்றும் தெரியாத ஒருவருக்கு அர்த்தம் மட்டும் சொல்லிப் போட்டுக் காட்டினாலும் தெரு வரும்போது அவர் நிமிர்ந்து உட்கார்வார்.

அதற்குப் பிறகும் ஜுஜாவின் ஆல்பங்களில் பெரும்பங்கு வரிகள் ப்ரோடியுடையவை. இது பல பத்தாண்டு நீண்ட கூட்டு. ஒரு ஆண் ஒரு பெண் குரலுக்காக இவ்வளவு காலம் எழுதும்போது வழக்கமாக வருகிற அசட்டுத்தனம் (பெண் என்றால் ஏங்குவாள், காத்திருப்பாள்) இதில் குறைவு. ஜுஜா பாடுகிற பெண் யோசிக்கிறவள், சந்தேகப்படுகிறவள், சில சமயம் ப்ரோடியைவிடப் புத்திசாலி.

ஃபோனோகிராஃப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இல்லேஷ் உடைந்ததும் சொரேஞி சகோதரர்களும் ப்ரோடியும் டோல்ச்வாய் லாஸ்லோ, மோரிட்ஸ் மிஹாய், நேமெத் ஓஸ்கார் ஆகியோரோடு சேர்ந்து தொடங்கிய குழு இது. அமெரிக்க கன்ட்ரி ராக் பாணி, ப்ரோடி பெடல் ஸ்டீல் கிட்டார் வாசித்தார். 1974 இல் முதல் ஆல்பம், 1984 இல் கலைந்தது. நல்ல வாசிப்பு, சுத்தமான கூட்டுக்குரல், பீர் கேட்கிற பாட்டு, முதல் டிராம் பாட்டு என்று கேட்க இதமானவை நிறைய. ஆனால் 1973 இல் வாங்கிய அடிக்குப் பிறகு கொஞ்சம் பத்திரமாகவே நடந்த குழு என்று எனக்குத் தோன்றும். இதற்கு என்னோடு சண்டைக்கு வரும் ரசிகர்கள் உண்டு, வரட்டும்.

அதே காலத்தில் அவர் செய்த இன்னொரு வேலையைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை: குழந்தைப் பாட்டுகள். ஹலாஸ் யூடித் என்ற நடிகை 1973 இலிருந்து குழந்தைகளுக்காக ஆல்பங்கள் போட்டார், அவற்றில் ப்ரோடியின் கை நிறைய உண்டு. ஹங்கேரியப் பிறந்தநாள் விழாக்களில் ஒலிக்கிற ஹலாஸ் யூடித்தின் வாழ்த்துப் பாட்டும் இவருடையதுதான். அந்த நாட்டில் நாற்பது வயதுக்குக் கீழே இருக்கிற பலருக்கு ப்ரோடியின் வரி முதலில் காதில் விழுந்தது கேக் வெட்டும்போதுதான், யார் எழுதியது என்றே தெரியாமல். அரசியல் பாட்டுக்காரர் என்ற முத்திரையை மட்டும் வைத்து அவரைப் பார்க்கிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

1980 இல்தான் ‘ஹங்கேரியன் ப்ளூஸ்’ என்று சொந்தக் குரலில் தனி ஆல்பம். இதில் அடையாள அட்டை பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்க வேண்டிய, போலீஸ்காரர் கேட்டால் நீட்ட வேண்டிய அந்தச் சின்னப் புத்தகத்தை வைத்து ஒரு குடிமகன் யார் என்பதையே சொல்லிவிடுகிறார். இங்கே அந்தச் சுமாரான குரல் சரியாகப் பொருந்துகிறது. நல்ல பாடகர் பாடியிருந்தால் அது ஒரு கலை நிகழ்ச்சி ஆகியிருக்கும். இவர் பாடும்போது வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கிற ஆள் திரும்பி முணுமுணுப்பது மாதிரி இருக்கிறது. அவர் குரலின் பலம் அதுதான், அதைத் தாண்டி அதில் எதையும் தேடாதீர்கள்.

இப்போது நீங்கள் பார்த்த ஓபரா.

1983 ஆகஸ்ட் 18, புடாபெஸ்ட் நகரப் பூங்காவில், குளிர்காலத்தில் பிள்ளைகள் பனிச்சறுக்கு விளையாடுகிற ஒரு மேட்டில் திறந்தவெளி அரங்கேற்றம். அந்த மேட்டுக்கு இன்றைக்கு அரசர் மேடு என்றே பெயர். போல்டிஜார் மிக்லோஷின் ‘ஆயிரமாண்டுத் திருப்பம்’ நாடகம் அடிப்படை, மெட்டு லெவென்தெ, வரிகள் ப்ரோடி, இயக்கமும் படமாக்கமும் கோல்டாய் காபோர். ஆகஸ்ட் 20, ஹங்கேரியின் முதல் அரசரான புனித இஷ்த்வானின் நாள். கம்யூனிஸ்ட் ஆட்சி அதை அரசியலமைப்பு நாள் என்று பெயர் மாற்றி வைத்திருந்தது. அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால், அந்த அரசரைப் பற்றி, ராக் இசையில்.

கதை உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் மற்றவர்களுக்காக. ஆண்டு 997. பெருந்தலைவர் கேசா இறக்கிறார். மகன் இஷ்த்வான் கிறிஸ்தவன், மேற்கத்திய முறைப்படி மகனுக்கே பட்டம் என்கிறான். உறவினன் கொப்பாஞ் பழைய மரபுப்படி குடும்பத்தில் மூத்தவனுக்குத்தான் உரிமை என்கிறான், இறந்தவரின் மனைவி ஷரோல்டை மணக்கவும் கோருகிறான். போர் நடக்கிறது, கொப்பாஞ் தோற்கிறான், அவன் உடல் நான்காக வெட்டப்படுகிறது, இஷ்த்வான் முடி சூடுகிறான்.

பாடப்புத்தகத்தில் இஷ்த்வான் நல்லவர், கொப்பாஞ் கலகக்காரன். ப்ரோடி செய்த காரியம், கொப்பாஞ்சுக்குச் சூடான பாட்டுகளைக் கொடுத்தார். சுதந்திரப் பறவையே பறந்து போ என்று அவன் பாடுகிறான், அதுவும் விகிடால் ட்யூலாவின் கரகரத்த ஹார்டு ராக் குரலில். இஷ்த்வானுக்கு வர்கா மிக்லோஷின் உயரமான, சுத்தமான குரல், அவருக்கு வந்ததெல்லாம் பிரார்த்தனையும் தயக்கமும். பழைய மதத்தின் பூசாரி (ஷாமன்) டோர்டாவுக்கு ப்ளூஸ் பாடகர் டேயாக் பில் ட்யூலா. கொப்பாஞ்சின் மகள் ரேகாவுக்கு நாட்டுப்புறப் பாடகி ஷெபெஷ்டேன் மார்த்தா, பிற்பாடு ‘தி இங்கிலிஷ் பேஷன்ட்’ படத்தில் ஒலித்த குரல் இவருடையதுதான். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு இசை, ஒரு பேச்சு நடை. பிறர் குரலுக்கு எழுதுவதைப் பற்றி மேலே சொன்னேனே, அது முழு உருவம் எடுத்தது இங்கேதான். தோற்கப் போகிறவனுக்கும் தன் பக்க நியாயத்தை முழுசாகச் சொல்ல வரி கொடுத்திருக்கிறார்.

தொடக்கப் பாட்டே பார்வையாளரைப் பார்த்துக் கேட்கிறது: நீ யாரைத் தேர்ந்தெடுப்பாய்? ஒரு கட்சி ஆட்சியில் இப்படி ஒரு கேள்வி. அப்புறம் ஷூர், ஷோல்ட், பெஷே என்று மூன்று பிரபுக்கள், காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்கிற நகைச்சுவை மூவர். பத்து வருடம் முன்னால் கொடி வரியில் யாரைத் திட்டினாரோ, அவர்களேதான் இங்கே உடை போட்டு மேடைக்கு வந்துவிட்டார்கள். எனக்கு மொத்த ஓபராவிலும் ப்ரோடியின் கை தெளிவாகத் தெரிவது அரசர் பாட்டுகளில் இல்லை, இந்த மூவரிடம்தான். கண்ணைச் சிமிட்டாமல் இகழத் தெரிந்தவர் எழுதியது.

பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு இஷ்த்வான் என்பது காடார்: அன்னிய சக்தியின் துணையோடு ரத்தம் சிந்தி வந்தவர், ஆனால் நாட்டைப் பிழைக்க வைத்தவர். அப்படியானால் கொப்பாஞ் யார்? 1956 எழுச்சிக்காரர்கள், தூக்கிலிடப்பட்ட பிரதமர் நாட்ஜ் இம்ரே. அதிகாரிகளுக்கு இந்த வாசிப்பு ரொம்பவும் பிடிக்காமல் போயிருக்காது, முடிவில் ஜெயிப்பது நிதானம்தானே. மக்களில் பலர் கொப்பாஞ்சுக்காகக் கைதட்டினார்கள். இன்னும் சிலருக்கு அரசியல் உவமையே வேண்டியிருக்கவில்லை, பொது இடத்தில் செங்கொடி இல்லாமல் மூவண்ணக் கொடியையும் தேசிய கீதத்தையும் கேட்டதே போதுமாக இருந்தது. ஓபரா முடிவது தேசிய கீதத்தில்தான். இரட்டைத் தட்டு உடனே வந்து பெரும் விற்பனை, அடுத்த வருடம் படம்.

சரி, அப்புறம் 1989. தணிக்கை போனது. வரிகளுக்கு நடுவில் எழுதியே பெயர் வாங்கியவருக்கு, எல்லாவற்றையும் நேராகவே சொல்லலாம் என்ற நிலை வந்தால் என்ன வேலை மிச்சம் இருக்கும்? கிழக்கு ஐரோப்பாவில் இந்தக் கேள்வியில் பல பாடலாசிரியர்கள் காணாமல் போனார்கள். ப்ரோடிக்கு இன்னொரு சங்கடமும் சேர்ந்தது. லெவென்தெ தேசியவாத வலதுசாரிப் பக்கம் போனார், பழங்கால மாஜார் (ஹங்கேரிய இன) வரலாற்றில் இறங்கி வேறு எழுத்தாளர்களோடு ஓபராக்கள் செய்தார். ப்ரோடி தாராளவாதப் பக்கம் நின்றார். ஒன்றாக எழுதிய ஓபராவை இரண்டு பக்கமும் தங்களுடையது என்று சொல்லிக்கொண்டன. ஒரு வகையில் அந்த ஓபராவின் கதையே அதன் ஆசிரியர்களுக்கு நடந்துவிட்டது என்று பத்திரிகைகளில் எழுதுவார்கள். எனக்கு அது கொஞ்சம் மிகையாகத்தான் படுகிறது, இங்கே யாரையும் யாரும் நான்காக வெட்டவில்லை. ஆனால் 2013 இல், முப்பதாம் ஆண்டை ஒட்டி, இயக்குநர் அல்ஃபால்டி ரோபெர்ட் அதை ஸெகெத் நகரத் திறந்தவெளி அரங்கில் புதிய விதமாக மேடையேற்றியபோது வந்த சண்டையைப் பார்த்தால், அந்த வரிகள் இன்னும் ஆறவில்லை என்று தெரியும்.

ப்ரோடி காணாமல் போகாததற்கு மறுபடியும் அதே காரணம்தான். ஜுஜா இருந்தார், அவருக்கு எழுதிக்கொண்டே இருந்தார். சொந்தக் குரலிலும் ஆல்பங்கள் வந்தன, எழுபது வயதைத் தாண்டியும் மேடை ஏறினார். 2010 க்குப் பிறகு வந்த ஆட்சியைப் பற்றி ‘இவர்களும் அதே ஆட்கள்’ என்ற பொருளில் ஒரு பாட்டு எழுதினார்: பழைய அதிகாரிகளின் முகபாவனையைப் புதியவர்களிடம் அடையாளம் காட்டுகிற பாட்டு. அவர் ரசிகர்கள் கொண்டாடினார்கள், எதிர்த் தரப்பு திட்டியது. என் கருத்து? பாட்டாகப் பார்த்தால் அவருடைய நடுத்தரமான பாட்டுகளில் ஒன்று. எல்லாவற்றையும் நேராகச் சொல்லிவிடுவதால் கேட்கிறவருக்கு வேலை இல்லை, ஏற்கெனவே உடன்படுகிறவர் மட்டும் தலையாட்டுவார். அதை எழுத அவருக்கு உரிமை இருக்கிறது, அறுபத்தைந்து வயதில் யாருக்கும் பயப்படாமல் பாடியதில் ஒரு கம்பீரமும் இருக்கிறது. ஆனால் சங்கிலிச் சக்கரம் எழுதிய ஆளிடம் நாம் எதிர்பார்ப்பது வேறு. பிற்காலப் பாட்டுகளில் என்னைப் பிடித்து நிறுத்துவது முதுமையைப் பற்றி, கலைந்துபோன நண்பர்களைப் பற்றி அவர் எழுதியவை. இல்லேஷ் லயோஷ் 2007 இல் இறந்துவிட்டார், அந்தத் தலைமுறை ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது. ப்ரோடி அதைப் புலம்பல் இல்லாமல், கொஞ்சம் கிண்டலோடு எழுதுகிறார்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால், அவர் குரலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் செய்த ஒரே தப்பு அதுதான். முதலில் கொன்ட்ஸ் ஜுஜாவின் 1973 ஆல்பம் முழுவதும், ரோஜாப் பாட்டை மட்டும் தனியாக எடுத்துக் கேட்காமல். அப்புறம் இல்லேஷின் 1969 ஆல்பங்கள் இரண்டில் ஏதாவது ஒன்று, அதில் நாட்டுப்புறத் தாளம் எங்கே எட்டிப்பார்க்கிறது என்று கவனித்தால் நான் மேலே சொன்ன அழுத்த விஷயம் காதிலேயே புரியும். ‘மனித உரிமைகள்’ வரலாற்றுக்காகக் கேட்க வேண்டியது, இசையாகக் கொஞ்சம் கனம், முதல் தடவையே பிடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அதற்குப் பிறகு ‘ஹங்கேரியன் ப்ளூஸ்’. அந்த இடத்துக்கு வரும்போது அவர் குரல் உங்களுக்கு இடைஞ்சலாகத் தெரியாது என்று நினைக்கிறேன். ஓபராவுக்கு 1983 பதிவே போதும், பிற்கால மேடையேற்றங்களில் பாடகர்கள் பலர் இன்னும் நன்றாகவே பாடுகிறார்கள், ஆனால் விகிடாலும் வர்காவும் எதிரெதிரே நிற்கும்போது வருகிற உரசல் அவற்றில் இல்லை. வரிகளின் அர்த்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூன்று பிரபுக்களை இன்னொரு தடவை பாருங்கள். ஃபோனோகிராஃப் கார் ஓட்டும்போது கேட்க நன்றாக இருக்கும், பிடிக்காவிட்டால் தயங்காமல் தாண்டிப் போங்கள்.